ஒரு கோட்டையும் ஒரு கல்யாணமும்

(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரை)



வேளச்சேரியில் நம் ஹாஸ்டல் மொட்டை மாடியில் நின்றால் பரங்கிமலை தெரியும். 1523-ல் போர்த்துகீசியர் அங்கே கட்டிய மாதா கோயிலைக் காட்டி, "எங்க கோயில்டா" என்பான் என் ரூம்மேட். அவன் ஆர்.சி. நான் சி.எஸ்.ஐ. "யாழ்ப்பாணத்துல உங்காளுங்களை எங்காளுங்க விரட்டினது தெரியுமா?" என்பேன். சிரித்துக்கொள்வோம்.

அந்தச் சண்டையைப் பற்றிப் பிறகுதான் ஒழுங்காகப் படித்தேன். கத்தோலிக்கர், புராட்டஸ்டண்டு என்று ஐரோப்பா 1618-லிருந்து 1648 வரை அடித்துக்கொண்டு ஓய்ந்திருந்த காலம் அது. அந்தப் பகையும் இலவங்கப்பட்டை வியாபாரப் போட்டியும் சேர்ந்து இந்தப் பக்கமும் வந்தன. 1658-ல் டச்சுத் தளபதி வான் கூன்ஸ் மன்னாரைப் பிடித்தார். பிறகு யாழ்ப்பாணக் கோட்டையை மூன்று மாதத்துக்கு மேல் முற்றுகையிட்டார். உள்ளே பசி, நோய். ஜூனில் போர்த்துகீசியர் சரணடைந்தார்கள். அடுத்த மாதம் நாகப்பட்டினமும் போயிற்று.

பழைய நாற்கரக் கோட்டையை டச்சுக்காரர்கள் ஐந்து முனை நட்சத்திரமாக மாற்றிக் கட்டினார்கள். எந்தச் சுவரை எதிரி நெருங்கினாலும் பக்கத்து முனையிலிருந்து சுடலாம். இஞ்சினியர் கண்ணுக்கு அருமையான டிசைன்!

கூடவே ஒரு சட்டமும் போட்டார்கள்: கத்தோலிக்கப் பாதிரியாருக்கு இடம் கொடுத்தால் மரண தண்டனை. அந்த டிசைன்தான் நிற்கவில்லை. 1687-ல் கோவாக்காரரான ஜோசப் வாஸ் அடிகளார், கழுத்தில் ஜெபமாலையோடு, பிச்சைக்காரர் போல யாழ்ப்பாணத்தில் வீடு வீடாகப் போனார். மாலையை அடையாளம் கண்டு கதவுகள் திறந்தன. 1795-ல் கோட்டை பிரிட்டிஷார் கைக்குப் போனபின், உத்தியோகத்துக்காக டச்சுச் சபையில் பேர் கொடுத்தவர்கள் கலைந்துபோனார்கள். கத்தோலிக்கர் அப்படியே இருந்தார்கள். 2015-ல் வாஸ் அடிகளாருக்குப் புனிதர் பட்டமும் கிடைத்தது.

இத்தனையும் படித்த நான் என்ன செய்தேன் தெரியுமா? ரூம்மேட்டின் அண்ணனுக்கு என் அக்காவைப் பெண் கேட்டு வந்தார்கள். அக்காவுக்குச் சம்மதம். "ஆர்.சி.யா? முடியாது" என்றார் அப்பா. பக்கத்தில்தான் நின்றிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. எனக்கு எந்த ராஜாவும் தண்டனை போட்டிருக்க மாட்டான். இருந்தும் பேசவில்லை. அன்றோடு அவன் என்னிடம் பேச்சை நிறுத்தினான். பத்து வருஷமாகிறது.

இன்று அவன் வந்திருக்கிறான். மூன்றாவது வரிசை. டீ இடைவேளையில் அவனிடம் போய் மன்னிப்புக் கேட்கப்போகிறேன். தம்பி தங்கைகளே, உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு நாள் வரும். அன்றைக்கே பேசிவிடுங்கள்.