துருவக் கடலும் நமது கடலும்
(அட்டாளைச்சேனைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



2012ஆம் ஆண்டு பெப்ரவரியில் நியூசிலாந்துத் துறைமுகம் ஒன்றில், எண்ணெய்க் கிணறு துளையிடும் கப்பலின் கோபுரத்தில் லூசி லோலெஸ் என்னும் நடிகை ஏறினார். கிரீன்பீஸ் இயக்கத்தவர் சிலரும் உடன் ஏறினர். ஷெல் கம்பனிக்காக அலாஸ்காவை அடுத்த துருவக் கடலுக்குப் புறப்படவிருந்த கப்பல் அது. மூன்று நாட்களுக்கு மேல் உச்சியிலேயே இருந்தார். பின் கைதானார், நீதிமன்றம் 120 மணி நேரச் சமூக சேவை விதித்தது.

நடிகைக்கு இது விளம்பரமே என்று நகைப்பார் உண்டு. இருக்கட்டுமே! துருவக் கடலில் கிணறு தோண்டப் போகிறார்கள் என்ற செய்தியைப் பாமரனும் அறிந்தது அவராலன்றோ? ஆயினும் கம்பனியைத் தடுத்து நிறுத்தியவர் வேறு. அலாஸ்காக் கரையிலுள்ள பொயின்ற் ஹோப் என்னும் சிறு கிராமத்தார், வேறு அமைப்புக்களுடன் சேர்ந்து, 2008இலேயே வழக்குத் தொடுத்தார்கள். கடற்பரப்பை ஏலமிடுமுன் அரசு செய்த சுற்றாடல் ஆய்வு பிழையானது என்று 2014 ஜனவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. அவ்வாண்டு ஷெல் துளையிடவில்லை. மறு ஆண்டு ஒரு கிணறு தோண்டிப் பார்த்து, எண்ணெய் போதாது, செலவு மிகுதி, அரசின் கட்டுப்பாடுகளை முன்கூட்டி அறிய முடியவில்லை என்று கூறி வெளியேறியது. ஆறு ஆண்டுகள் வழக்காடிய கிராமத்தாரின் பெயரை எந்தச் சுவரொட்டியிலும் நாம் காணவில்லை.

துருவம் நமக்கு எட்டாத் தொலைவென்று எண்ணற்க. 2016இல் பிரான்சின் டோட்டல் கம்பனி நமது கீழைக் கடலின் இரு பகுதிகளை எண்ணெய்க்காக ஆராய அரசாங்கத்துடன் உடன்படிக்கை செய்தது. 2020 செப்டெம்பர் 3ஆம் நாள், சங்கமன்கண்டிக்குக் கிழக்கே ஏறத்தாழ 38 கடல் மைலில் ‘நியூ டயமண்ட்’ கப்பல் தீப்பற்றியது. குவைத்திலிருந்து இந்தியாவின் பரதீப்புக்குச் சென்ற அக்கப்பலில் ஏறத்தாழ 2,70,000 தொன் மசகெண்ணெய் இருந்தது. ஒரு பிலிப்பைன்ஸ் மாலுமி உயிரிழந்தார். மசகெண்ணெய் கடலிற் கொட்டாமற் போனது இறைவன் அருள். கொட்டியிருந்தால் நமது கரைவலைகளின் கதி என்ன? களப்புக்களின் கதி என்ன?

இந்த நாட்டிலும் சட்டம் உண்டு. 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டம், 1988இல் திருத்தப்பட்டபின், குறித்த பெருந்திட்டங்களின் சுற்றாடல் தாக்க அறிக்கையை 30 நாட்கள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கச் சொல்கிறது. ஆட்சேபத்தை எழுத்தில் தெரிவிக்கலாம். ஆனால் அறிக்கை ஆங்கிலத்தில் மட்டும் வந்தால், பொருள் சொல்ல ஆளைத் தேடுவதிலேயே 30 நாளும் கழிந்துவிடும். ஆகவே, எமது கரையைத் தொடும் அறிக்கை எதுவாயினும் தமிழிலும் வரவேண்டும் என்று இன்றே கேட்போம்.

இன்னுமொன்று. நட்டஈடு கேட்டு வழக்காடப் போனால், “முன்பு எவ்வளவு பிடித்தீர்கள்?” என்பதே நீதிமன்றத்தின் முதற் கேள்வி. வாய்ச்சொல் அங்கே செல்லாது. எனவே மீனவர் சங்கந்தோறும் மாதாமாதம் பிடித்த மீனின் நிறையையும் விற்ற விலையையும் கொப்பியில் எழுதித் திகதியிட்டு ஒப்பமிட்டு வையுங்கள். விவசாய அமைப்புக்கள் விளைச்சலையும் கிணற்று நீரின் நிலையையும் அவ்வாறே எழுதட்டும். எழுதும் முறையைக் கற்பிக்கச் சட்டத்தரணிகளாகிய நாங்கள் சங்கந்தோறும் வருகிறோம், கட்டணம் இல்லை. சங்கச் செயலாளர்கள் இக்கூட்டம் கலையுமுன் தத்தம் பெயரைப் பதிந்து செல்வார்களாக.