எங்கே உண்பது?



ஓய்வு பெற்ற தலைமையாசிரியன் ஒருவன் வானொலியின் முன் வந்து அமர்ந்தால், ஒழுக்கத்தைப் பற்றியோ தேர்வைப் பற்றியோதான் பேசுவான் என்று நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். நான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் சிற்றுண்டிச் சாலை. வியப்படைய வேண்டா. இப்பொருளை எனக்கு எடுத்துக் கொடுத்தவள் உங்களைப் போன்ற ஒரு மாணவியே.

அவள் என்னிடம் முன்னாளில் பயின்ற ஒருவரின் மகள். சிற்றூரில் பிறந்து வளர்ந்தவள். கல்லூரிப் படிப்புக்காகச் சென்னை சென்று, மயிலாப்பூர்ப் பக்கத்தில் ஒரு விடுதியில் தங்கியிருக்கிறாள். விடுமுறைக்கு ஊர் வந்தபோது என்னைக் காண வந்தாள். படிப்பைப் பற்றியெல்லாம் பேசி முடித்த பின், சற்றுத் தயங்கி, "ஐயா, ஒரு தோழியின் பிறந்த நாளுக்கு எல்லோரும் கதீட்ரல் சாலைப் பக்கம் ஒரு பெரிய ஓட்டலுக்குப் போகிறார்கள். என்னையும் அழைக்கிறார்கள். அங்கே என்ன கேட்பது, எவ்வளவு ஆகும், எப்படிச் சாப்பிடுவது, ஒன்றும் எனக்குத் தெரியாது. தலைவலி என்று சொல்லி விடுதியிலேயே இருந்துவிடட்டுமா?" என்றாள்.

சிரித்துவிட்டுப் போகக்கூடிய கேள்வி அன்று இது. இதே தலைவலி எனக்கும் ஒரு காலத்தில் வந்ததுண்டு. ஆதலின் அவளுக்கு நான் கூறிய மறுமொழியை உங்களுக்கும் கூறுகிறேன்.

முதலில் அந்தப் பகுதியை அறியாதவர்களுக்காகச் சிறிது வழி காட்டுகிறேன். அண்ணா மேம்பாலத்திலிருந்து கிழக்கு நோக்கி நடந்தால் கதீட்ரல் சாலை. செம்மொழிப் பூங்கா, ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரி, புனித ஜார்ஜ் பேராலயம் ஆகியவற்றைக் கடந்து சென்றால் மியூசிக் அகாதெமி. அதற்கு அப்பால் டாக்டர் இராதாகிருஷ்ணன் சாலை. அது கடற்கரைக்குக் கொண்டுபோய்விடும். ஒரு பக்கம் கோபாலபுரம், மறு பக்கம் ஆழ்வார்ப்பேட்டை, இன்னும் சற்றுத் தெற்கே மயிலாப்பூரின் மாட வீதிகள். செல்வர் மிகுதியாக வாழும் பகுதி இது. இங்கே உண்பதற்கு இடங்கள் பல. ஆயினும் அவற்றை மூன்று வகையாகப் பிரித்துவிடலாம்.

முதல் வகை, சந்துக்குள் இருப்பது. மயிலாப்பூர் அருண்டேல் தெருவின் ராயர் மெஸ் இவ்வகைக்குப் பெயர் பெற்றது. இருக்கைகள் சிலவே. வந்தவர் வெளியே காத்து நிற்பர். இட்டலியும் பொங்கலும் வடையும் தீர்ந்தால் தீர்ந்ததுதான். இரண்டாம் வகை, இராதாகிருஷ்ணன் சாலையிலுள்ள நியூ உட்லண்ட்ஸ் போன்ற பழமையான சைவ உணவகங்கள். குடும்பத்தோடு வருபவரும் தனியே வருபவரும் அச்சமின்றி அமரும் இடங்கள் அவை. மூன்றாம் வகை, கண்ணாடிக் கதவும் குளிரூட்டிய அறையும் உடையது. என் மாணவியை அஞ்ச வைத்தது இம்மூன்றாம் வகையே.

இவையன்றி, மார்கழியில் இசை விழா நடக்கும்போது சபாக்களில் திறக்கப்படும் உணவுக் கூடங்களும் உண்டு. பாட்டுக்கு ஒரு கூட்டம் என்றால் அடைக்கும் அவியலுக்கும் வேறொரு கூட்டம். மாநகராட்சி நடத்தும் அம்மா உணவகங்களையும் மறத்தலாகாது. 2013 பிப்ரவரியில் அவை சென்னையில் தொடங்கப்பெற்றபோது இட்டலியின் விலை 1 ரூபாய். சாம்பார் சாதம் 5 ரூபாய். தயிர்ச் சாதம் 3 ரூபாய். கையில் பத்து ரூபாய் உள்ளவனும் அமர்ந்து பசியாறலாம் என்னும் நிலை ஒரு நகரத்துக்குப் பெருமையே.

இனி, ஒரு பழைய செய்தியைக் கூறவேண்டும். பணத்தைக் கொடுத்து உணவை வாங்கி உண்பது இன்று உங்களுக்கு இயல்பாகத் தோன்றுகிறது. உங்கள் பாட்டனார் காலத்தில் அஃது அத்துணை இயல்பாக இல்லை. காசு இருந்தாலும் சாதி கேட்கும் உணவுச் சாலைகள் இந்நாட்டில் இருந்தன. சிலருக்குத் தனி இடம். சிலருக்குத் தனிக் குவளை. சிலருக்கு வாயிலுக்கு வெளியே நிற்கும் உரிமை மட்டும். 1950 ஜனவரி 26-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவை எடுத்துப் படித்துப் பாருங்கள். சாதி, மதம், பால், பிறப்பிடம் முதலிய காரணங்களால் ஒருவரைக் கடைகளிலும் பொது உணவகங்களிலும் நுழையவொட்டாமல் தடுத்தல் கூடாது என்று அது விதிக்கிறது. ஒரு நாட்டின் தலையாய சட்டத்தில் உணவகத்துக்கும் இடம் தரவேண்டியிருந்தது என்றால், அதன் வாயிலில் எத்தனை பேர் தலை குனிந்து திரும்பியிருப்பர் என்று எண்ணிப் பாருங்கள். 1955-ல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் வந்தது. 1957-ல், சென்னைத் திருவல்லிக்கேணியில் ஓர் உணவகத்தின் பெயர்ப் பலகையிலிருந்த சாதிப் பெயரை நீக்கக் கோரிப் பெரியார் ஈ.வெ.ரா. கிளர்ச்சி நடத்தினார், தொண்டர் பலர் சிறை புகுந்தனர். நீங்கள் இன்று எந்த மேசையிலும் சென்று அமர்கிறீர்களே, அந்த இருக்கை எளிதில் கிடைத்ததன்று.

சாதி கேட்ட கதவு சட்டத்தால் திறந்தது. ஆனால் கண்ணாடிக் கதவு ஒன்று இன்னும் இருக்கிறது. அது பணத்தைக் கேட்கிறது. சில வேளைகளில் செருப்பையும் சட்டையையும் பார்க்கிறது.

1981-ஆம் ஆண்டு நான் சைதாப்பேட்டையில் ஆசிரியர் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தேன். உறவினர் ஒருவர் ஒரு பெரிய உணவகத்தின் பெயரைச் சொல்லி, அங்கே வந்து தம்மைக் காணுமாறு எழுதியிருந்தார். வாயிற்காவலர் என்னைத் தடுக்கவில்லை, ஒன்றும் சொல்லவுமில்லை. என் கால்களை மட்டும் பார்த்தார். தைத்துத் தைத்து அணிந்த ரப்பர்ச் செருப்பு அவை. நான் திரும்பி நடந்துவிட்டேன். உறவினருக்குத் தலைவலி என்று எழுதினேன். விருந்தினரின் உள்ளம் எத்துணை மெல்லியது என்பதை உணர்த்த வள்ளுவர் அனிச்ச மலரைத் தேர்ந்தெடுத்ததன் காரணம் அன்று எனக்கு விளங்கியது.

அதே மாதத்தில் பயிற்சித் தோழர்கள் என்னைக் கதீட்ரல் சாலைக்கு அழைத்துச் சென்றனர். இன்று செம்மொழிப் பூங்கா இருக்கும் இடத்தில் அன்று உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் உணவகம் இருந்தது. 1962-ல் தொடங்கிய அது 2008-ல் மூடப்பட்டது. அடர்ந்த மர நிழலில் வண்டிகளை நிறுத்தி, வண்டிக்குள் இருந்தபடியே உண்பார்கள். வண்டி இல்லாத எங்களைப் போன்றவர்களுக்கு உள்ளே கூடம் இருந்தது. நால்வர் சேர்ந்து இரண்டு காப்பி வாங்கினோம். ஒரு மணி நேரம் அமர்ந்திருந்தோம். எழுந்து போகும்படி ஒருவரும் சொல்லவில்லை. அதனை நிறுவிய கிருஷ்ண ராவ், உடுப்பிப் பக்கத்திலிருந்து வறியவராகச் சென்னை வந்து, உணவுச் சாலையில் பணியாளாக வேலை பார்த்தவர். பின்னர் 1938-ல் இராயப்பேட்டையில் உட்லண்ட்ஸைத் தொடங்கி உயர்ந்தவர். இதனை நான் பிற்காலத்தில் அறிந்தேன். அறிந்தபோது அந்த ஒரு மணி நேரத்தின் பொருள் எனக்குப் புரிந்தது.

மாணவர்களே, இதுவரை வாயிலின் வழியாக உள்ளே செல்பவரைப் பற்றிப் பேசினேன். உள்ளே நின்று வேலை செய்பவரைப் பற்றியும் பேசாவிட்டால் என் பேச்சு பாதிப் பேச்சாகவே முடியும்.

1989-ல் நான் ஒரு சிற்றூரில் ஏழாம் வகுப்பு ஆசிரியனாக இருந்தேன். கணக்கில் கூர்மையான பையன் ஒருவன் பள்ளிக்கு வருவதை நிறுத்தினான். சில வாரம் பொறுத்தேன். பிறகு விதிப்படி, வருகைப் பதிவேட்டில் அவன் பெயரைச் சிவப்பு மையால் அடித்தேன். அவன் வீடு பள்ளியிலிருந்து அரைக் கல் தொலைவுதான். நான் போய்ப் பார்க்கவில்லை. அடுத்த ஆண்டு ஒரு வேலையாகச் சென்னை வந்தவன், மயிலாப்பூர்ப் பக்கத்தில் ஓர் உணவகத்தில் சிற்றுண்டி உண்ண அமர்ந்தேன். எச்சில் தட்டுகளை எடுத்து மேசை துடைக்க வந்த சிறுவன் என்னைக் கண்டதும் திகைத்து நின்றான். அவனேதான்.

"ஏனப்பா பள்ளிக்கு வரவில்லை?" என்று கேட்டேன். அந்த இடத்திலும் எனக்கு வேறு கேள்வி வரவில்லை. அவன் துடைத்துக்கொண்டே, "பள்ளிக்கூடத்திலே மத்தியானம் ஒரு வேளைச் சோறு சார், இங்கே மூன்று வேளை," என்றான். முதலாளி அழைக்கும் குரல் கேட்டு வாளியோடு போய்விட்டான். நான் காப்பியைக் குடித்துவிட்டுப் பணம் கொடுத்து வெளியே வந்தேன். ஊர் திரும்புமுன் மனம் கேளாமல் மறுநாள் மீண்டும் சென்றேன். அவன் வேறெங்கோ வேலைக்குப் போய்விட்டான் என்றார்கள். பின்னர் அவனை நான் காணவேயில்லை.

அக்காலத்துச் சட்டம் அதனைக் குற்றமாகக் கொள்ளவில்லை. 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் குறிப்பிட்ட சில தொழில்களில் மட்டுமே 14 வயதுக்குட்பட்ட சிறுவரைத் தடுத்தது. உணவகங்கள் அத்தடைக்குள் வந்தது 2006 அக்டோபர் 10-ஆம் நாள். சட்டம் அன்று இல்லை என்பது உண்மையே. ஆனால் அரைக் கல் நடப்பதற்கு எனக்குச் சட்டம் வேண்டியிருந்ததா? அதன்பின் நான் பணியாற்றிய ஆண்டுகளில், ஒரு பிள்ளையின் வீட்டுக்குச் சென்று பார்க்காமல் அதன் பெயரைப் பதிவேட்டிலிருந்து அடித்ததில்லை. தலைமையாசிரியன் ஆன பின்பு என் பள்ளியாசிரியர்களையும் அடிக்க விட்டதில்லை.

ஆகவே, எங்கே உண்பது என்று கேட்பவர்களுக்கு நான் மூன்று அடையாளங்களைச் சொல்வேன்.

முதலாவது, தூய்மை. அலங்கார விளக்குகளைப் பார்க்க வேண்டா; கை கழுவும் இடத்தைப் பாருங்கள். உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண்ணை வாடிக்கையாளர் கண்ணில் படும்படி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

இரண்டாவது, நேர்மை. உட்கார்ந்தவுடன் விலைப்பட்டியலைக் கேளுங்கள். விலை கேட்பது வறுமையின் அடையாளம் அன்று, அறிவின் அடையாளம். நமக்குக் கட்டுப்படியாகாது என்று கண்டால், நன்றி கூறி எழுந்து வருவதிலும் இழிவு இல்லை. கணக்குச் சீட்டில் வரிக்கு மேல் சேவைக் கட்டணம் என்று ஒரு தொகை இருந்தால், அதனைக் கட்டாயமாகக் கேட்டல் கூடாது என்று 2022 ஜூலையில் மைய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நெறி வகுத்துள்ளது. 2025 மார்ச்சில் டில்லி உயர்நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. மனமுவந்து பரிமாறியவருக்குக் கொடுப்பது வேறு. அதை நான் தடுக்க மாட்டேன்.

மூன்றாவது, மனிதத் தன்மை. பரிமாறுபவரையும் மேசை துடைப்பவரையும் அவ்விடத்தில் எப்படி நடத்துகிறார்கள் என்று கவனியுங்கள். அவர்களை நீங்கள் எப்படி அழைக்கிறீர்கள் என்பதையும் கவனியுங்கள். விரலைச் சொடுக்கி, "டேய்" என்று கூப்பிடும் கல்லூரி மாணவனுக்குப் படிப்பு இன்னும் தொடங்கவில்லை என்றே நான் கொள்வேன். மேசை துடைப்பவர் சிறுபிள்ளையாகத் தோன்றினால் வாளா இருந்துவிடாதீர்கள். 1098 என்னும் தொலைபேசி எண் குழந்தைகளுக்காகவே இருக்கிறது.

இவற்றையெல்லாம் கூறிவிட்டு என் மாணவியிடம், "நீ போ அம்மா. தலைவலி என்று பொய் சொல்லாதே. என்னால் இவ்வளவுதான் செலவிட முடியும் என்று தோழிகளிடம் முன்னதாகவே சொல்லிவிடு. உணவை எப்படி உண்பது என்று தெரியாவிட்டால் கையால் உண். கை நம்முடையது," என்றேன்.

சென்ற வாரம் தொலைபேசியில் பேசினாள். தன்னிடம் 200 ரூபாய்தான் உண்டு என்று அவள் சொன்னதும், அருகிலிருந்த இருவர், "அப்பாடி, எங்களிடமும் அவ்வளவுதான்" என்றார்களாம். அவர்களும் தலைவலிக்கு ஆயத்தமாக இருந்தார்கள் போலும்! பிறகு எல்லோருமாக மாட வீதியில் ஓர் எளிய உணவகத்துக்குச் சென்று வயிறார உண்டிருக்கிறார்கள்.

பேச்சை முடிக்கும்போது அவள், "ஐயா, மேசை துடைத்தவரிடம் வயது கேட்டேன். பத்தொன்பது என்றார்," என்றாள்.

எனக்கு நிறைவாக இருந்தது.