களத்தில் காயாத கடலை

(ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



நமது கொங்கு நாட்டில் கடலைக்காய் இல்லாத வீடு இல்லை. அவித்த கடலை பிள்ளைகளுக்குத் தீனியாகிறது. எண்ணெய் அடுப்படிக்கு வருகிறது. பிண்ணாக்கு மாட்டுத் தொட்டிக்குப் போகிறது. குறைந்த செலவில் புரதச் சத்தைத் தரும் பொருள்களில் இதற்கு இணையானவை சிலவே. இத்தகைய நல்ல உணவை நஞ்சாக்கக்கூடிய ஒரு பூசணத்தைப் பற்றி இன்று நாம் பேச விரும்புகிறோம். இப்பூசணம் கடலையை மட்டுமல்லாமல் மக்காச்சோளம், கொப்பரை, பருத்திக்கொட்டை, மிளகாய் வற்றல் ஆகியவற்றையும் பற்றுகிறது.

ஈரமுள்ள கடலைப் பருப்பின் மேல் பச்சையும் மஞ்சளும் கலந்த தூள் படர்வதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதன் பெயர் ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ். இது சுரக்கும் நஞ்சுக்கு அஃப்ளாடாக்சின் என்று பெயர். 1960ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தன. ஆராய்ந்து பார்த்தபோது, அவற்றுக்குத் தீவனத்தில் கலந்து கொடுத்த கடலைப் பிண்ணாக்கே காரணம் என்று தெரியவந்தது. அந்த ஆராய்ச்சியின் வழியாகத்தான் இந்நஞ்சை உலகம் அறிந்துகொண்டது.

நமது நாட்டிலும் இதற்குச் சான்றுகள் உண்டு. மைசூரில் புரதக் குறைவால் மெலிந்திருந்த குழந்தைகளுக்கு ஊட்டமாகக் கொடுத்த கடலை மாவில் இந்நஞ்சு இருந்ததையும், அக்குழந்தைகளின் ஈரல் பழுதுற்றதையும் மருத்துவ அறிஞர்கள் 1971இல் எழுதி வெளியிட்டார்கள். 1974ஆம் ஆண்டில் இராஜஸ்தானத்து பன்ஸ்வாரா மாவட்டத்திலும், அதை அடுத்த குஜராத்தின் பஞ்சமகால் மாவட்டத்திலும் அறுவடை வேளையில் மழை பெய்து மக்காச்சோளம் நனைந்துவிட்டது. வேறு தானியம் இல்லாத ஏழை மக்கள் அதையே உண்டார்கள். இருநூறுக்கும் மேற்பட்ட கிராமங்களில் மஞ்சள் காமாலையும் வயிற்று வீக்கமும் கண்டு 397 பேர் நோயுற்றார்கள். அவர்களுள் 106 பேர் இறந்தார்கள். வீட்டில் மிஞ்சிய உணவைத் தின்ற நாய்களுக்கும் அதே நோய் கண்டது.

அங்கே மிகுதியான நஞ்சு ஒரே சமயத்தில் உடம்பில் சேர்ந்ததால் கேடு உடனே வெளிப்பட்டது. நம்மைப் போன்றோர் அஞ்ச வேண்டியது சிறிது சிறிதாகப் பல ஆண்டுகள் சேரும் நஞ்சுக்குத்தான். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உண்டவருக்கு அன்று எந்தத் துன்பமும் தோன்றாது. ஆனால் ஈரல் நாளுக்கு நாள் கெட்டு, சிலருக்குப் புற்றுநோயில் முடிகிறது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்கள் எவை என்று வகுத்துக் கூறும் பன்னாட்டு நிறுவனம் அஃப்ளாடாக்சினை ஐயமற்ற முதல் வகுப்பிலேயே வைத்திருக்கிறது. ஹெப்படைடிஸ் பி என்னும் காமாலைக் கிருமி உடம்பில் உள்ளவர்களுக்கு இதனால் நேரும் அபாயம் ஏறக்குறைய முப்பது மடங்கு மிகுதி என்பர். ஈரல் நோய்க்கு மதுவும் கிருமிகளும் பெருங்காரணங்கள் என்பதை நாம் மறக்கலாகாது. எனினும், மது அருந்தாதவரும் தாம் உண்ணும் உணவின் வழியே ஈரலைக் கெடுத்துக்கொள்ளக் கூடும் என்பதை அறிந்துகொள்ள வேண்டும்.

உணவை மாற்றினால் இக்கேடு குறையுமா? குறையும் என்பதற்குச் சீன நாட்டின் சிடோங் வட்டாரம் சான்றாகும். பூசணம் பிடித்த மக்காச்சோளத்தையே அங்குள்ள மக்கள் முக்கிய உணவாகக் கொண்டிருந்தார்கள். ஈரல் புற்றுநோய் அங்கே மிகுந்திருந்தது. 1980களில் அவர்கள் அரிசி உணவுக்கு மாறினார்கள். பின்னர் அந்நோயால் இறப்போர் தொகை வெகுவாகக் குறைந்தது. நமது முன்னோர் கம்பு, சோளம், ராகி, அரிசி, பயறு என்று மாற்றி மாற்றி உண்டார்கள். அப்பழக்கத்தில் சத்து மட்டுமன்றிப் பாதுகாப்பும் இருந்தது. ஒரு பொருளில் கேடு இருந்தாலும், அது நாள்தோறும் உடம்பில் சேர்வதில்லை அல்லவா?

இனி நமது ஊர்களின் நிலையைப் பார்ப்போம். ஆடிப் பட்டத்தில் விதைத்த மானாவாரிக் கடலை முற்றும் சமயத்தில் வானம் பொய்த்தால் நிலம் வெடித்துக் காயும் வெடிக்கிறது. அப்போதே பூசணம் உள்ளே புகுந்துவிடுகிறது. பிறகு பிடுங்கும் வேளையில் ஐப்பசி மழை பிடித்துக்கொள்கிறது. ஈரக் காயைக் குவித்து வைத்தால் குவியலுக்குள் சூடு ஏறிப் பூசணம் செழிக்கிறது. அப்புறம் என்ன நடக்கிறது? நல்ல பருப்பைப் பொறுக்கி விற்பனைக்கு அனுப்புகிறோம். சுருங்கியது, கறுத்தது, பூசணம் பிடித்தது ஆகியவற்றைத் தனியே ஒதுக்கி, “எண்ணெய்க்கு ஆகும்” என்று ஆட்டக் கொடுக்கிறோம். சுத்திகரிக்காத எண்ணெயில் நஞ்சின் ஒரு பங்கு வந்துவிடுகிறது. பெரும்பங்கு பிண்ணாக்கில் தங்குகிறது. பிண்ணாக்கு மாட்டுக்கு, மாட்டின் பால் குழந்தைக்கு! மாடு தின்ற நஞ்சில் நூற்றில் ஒன்று முதல் ஆறு பங்கு வரை உருமாறிப் பாலில் இறங்குகிறது. பாலைக் காய்ச்சுவதால் அது அழிவதில்லை.

இதை வெறும் அச்சம் என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018இல் நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. அவற்றுள் 368இல் இந்நஞ்சு வரம்புக்கு மேல் இருந்தது. தமிழ்நாட்டில் எடுத்த 551 மாதிரிகளில் 88 அவ்வாறு இருந்தன. எந்த மாநிலத்திலும் இவ்வளவு இல்லை. பாலுக்குச் சட்டம் வகுத்த வரம்பு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம். ஒரு கிராமைப் பத்து லட்சம் கூறுகளாக்கினால் ஒரு கூறே ஒரு மைக்ரோகிராம். கறவை மாடு நிறைந்த கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரங்களில் வாழும் நமக்கு இச்செய்தி ஓர் எச்சரிக்கையாகும். இதில் ஆறுதலும் உண்டு. கெட்ட தீவனத்தை நிறுத்திய சில நாள்களிலேயே பாலும் தெளிந்துவிடுகிறது. ஆகவே இது நம் கையில் உள்ள காரியமே.

செய்ய வேண்டியவை எளியவை. விதைக்கு முன் கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து நேர்த்தி செய்யுங்கள். அதுவும் ஒரு பூசணமே. ஆனால் கெட்ட பூசணத்தை அடக்கும் நல்ல பூசணம். மண் அணைக்கும் சமயத்தில் எக்டேருக்கு 400 கிலோ ஜிப்சம் இட்டால் சுண்ணாம்புச் சத்துக் கிடைத்து ஓடு உறுதிப்படும். தண்ணீர் வசதி உள்ளவர்கள் கடைசி மாதத்தில் காடு வெடிக்க விடாமல் ஒரு பாய்ச்சல் கொடுக்க வேண்டும். காய் முற்றியதும் பிடுங்கிவிட வேண்டும். மண்வெட்டி பட்டு உடைந்த காயை நல்ல காயுடன் சேர்க்கலாகாது.

எல்லாவற்றிலும் முக்கியமானது காயவைத்தல். பிடுங்கிய கொடியைக் குவிக்காமல், காய் மேலே இருக்கும்படி பரப்பி வெயில் காட்டுங்கள். காயை ஆட்டினால் கலகலவென்று ஒலிக்க வேண்டும். பருப்பைத் தேய்த்தால் தோல் உரிய வேண்டும். ஈரம் நூற்றுக்கு எட்டுப் பங்குக்கு மேல் இருக்கலாகாது. மக்காச்சோளத்துக்கு 12 பங்கும், கொப்பரைக்கு 6 பங்கும் எல்லை. எடை கூடுதலாக நிற்கும் என்று ஈரத்தோடு மூட்டை கட்டுபவர், வாங்குபவரை மட்டும் ஏமாற்றவில்லை. அந்தப் பிண்ணாக்கு சுற்றி வந்து தம் வீட்டுத் தொட்டியிலேயே விழக்கூடும் என்பதை நினைக்க வேண்டும். மூட்டைகளைத் தரையில் போடாமல், சுவரைத் தொடாமல், மரச்சட்டத்தின் மேல் அடுக்குங்கள்.

தாய்மார்களுக்கு ஒரு சொல். வறுப்பதாலும் வேகவைப்பதாலும் பூசணம் சாகும். அது விட்டுச் சென்ற நஞ்சு முழுவதும் போகாது. ஆகவே அடுப்பில் ஏற்றும் முன் பொறுக்குவதே காப்பு. ஒரு படி கடலையில் சில பருப்புகளிலேயே நஞ்சில் பெரும்பகுதி அடங்கியிருக்கக்கூடும். பூசணம் பிடித்ததையும், சுருங்கியதையும், கசப்பதையும் எடுத்துவிட்டால் மீந்தது நல்ல உணவு. எடுத்ததை மாட்டுக்கோ, கோழிக்கோ, வேலைக்கு வருபவர்களுக்கோ கொடுக்காமல் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள். பிறந்த குழந்தைக்கு ஹெப்படைடிஸ் பி தடுப்பூசி தவறாமல் போடச் செய்யுங்கள். ஈரலுக்கு அது இரண்டாவது காவல். கடலை உண்பதையே விட்டுவிடுமாறு நாம் கூறவில்லை. நல்ல கடலையை உண்ணுங்கள் என்பதே நமது வேண்டுகோள்.

ஊராட்சி உறுப்பினர்கள் செய்ய வேண்டிய பணியும் உண்டு. சிறு விவசாயிக்குச் சொந்தக் களம் இல்லை. தார்ச்சாலையில் கொட்டிக் காயவைக்கிறார், மழை வந்தால் தவிக்கிறார். ஊருக்கு ஒரு சிமெண்டு உலர்களமும், பொதுவில் சில தார்ப்பாய்களும் இருந்தால் அவர் விளைச்சல் தப்பும். உலர்களம் இருந்தும் விறகும் வண்டியும் அடைத்திருக்கும் ஊர்களில், அதை அறுவடைக்கு முன் காலி செய்து முறை வைத்து விடுங்கள். அக்டோபர் 2ஆம் நாள் கூடும் கிராம சபை இதற்கு ஏற்ற தருணம். ஐப்பசி மழைக்கு முன்பே வருகிறது. பால் சங்கத்தாரும் பிண்ணாக்கு வாங்கும்போது விலையை மட்டும் கேட்காமல் அதன் தரத்தையும் கேட்க வேண்டும். ஐயமுள்ளவர்கள் வேளாண்மை விரிவாக்க மையத்தையும், கோவையில் உள்ள வேளாண்மைப் பல்கலைக்கழகத்தையும் அணுகலாம்.

மருத்துவமனை கட்டப் பெருந்தொகை வேண்டும். நோய் வந்தபின் ஆகும் செலவோ குடும்பத்தையே சாய்த்துவிடும். ஒரு களமும், இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலும், சற்றுப் பொறுமையும் அத்துன்பத்தில் ஒரு பகுதியைத் தடுக்குமானால், அதை விடச் சிக்கனமான சுகாதாரத் திட்டம் வேறு ஏது? வருகின்ற அறுவடையிலேயே இதைத் தொடங்குவோமாக.