மேற்கே பாருங்கள்

சென்னை, திருவள்ளூர், செங்கல்பட்டு பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை ஒரு விசித்திரமான காலம். பகலெல்லாம் வெயில் கொளுத்தும். சாயங்காலம் திடீரென்று இடி இடிக்கும். அம்பத்தூரில் கொட்டித் தீர்க்கும், மயிலாப்பூரில் ஒரு தூறல்கூட இருக்காது.

ஏன் இப்படி? காலையில் மேற்கிலிருந்து சூடான காற்று வீசுகிறது. மலைகளைத் தாண்டி வரும்போதே ஈரத்தைப் பெரும்பாலும் இழந்துவிட்ட காற்று அது. பிற்பகலில் கடலிலிருந்து ஈரக்காற்று புறப்படுகிறது. இரண்டும் எதிரெதிரே வந்து முட்டுகின்றன. முட்டிய காற்று மேலே ஏறுகிறது. ஏறிய ஈரம் குளிர்ந்து மேகமாகிறது. ஆக, காற்றுகள் முட்டும் இடத்தில்தான் மேகம் திரளும். அந்த இடம் தினமும் மாறும்.

இந்த மழையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். சென்னைக்கு ஆண்டு முழுவதும் கிடைக்கும் மழையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்வதுதான். ஐப்பசி மழையை மட்டுமே நம்பும் நமக்கு இது பெரிய கொடை!

மாடியில் வடாம் காயப்போட்டிருக்கிறீர்களா? நாலு மணிக்கு மேற்கே பாருங்கள். கடல் பக்கம் வேண்டாம், மேற்கே பாருங்கள். இந்த மேகங்கள் பெரும்பாலும் அங்கிருந்துதான் நகர்ந்து வரும். அங்கே கறுத்திருந்தால் வடாமை எடுத்துவிடுங்கள். இடி கேட்டால் மாடியில் நிற்காதீர்கள், மரத்தடியிலும் ஒதுங்காதீர்கள். உள்ளே வந்துவிடுங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும்வரை வெளியே போகவேண்டாம்.