மண்டபத்தின் மூச்சு: பராமரிப்பும் ஒரு திருப்பணியே

(அறநிலையத்தின் நன்கொடையாளர் பாராட்டு நிகழ்ச்சியில், குளிர்சாதனத் துறையைச் சேர்ந்த அன்பர் ஒருவர் ஆற்றிய உரை)



நான் மேடைப் பேச்சாளன் அல்லன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஏர்கான் வேலை பார்ப்பவன். நமது மண்டபத்தின் ஏர்கான் பராமரிப்பைப் பற்றி நன்கொடையாளர்களுக்கு விளங்கும்படி பேச வேண்டும் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். விளக்கிச் சொல்வது என் கடமை என்று எண்ணி உங்கள் முன் நிற்கிறேன்.

இந்த மேடைக்குப் பின்னால் எப்போதும் பூட்டியே இருக்கும் ஓர் அறை உண்டு. அதனுள்ளே ஆளுயரத்துக்கும் மேலான ஓர் இரும்புப் பெட்டி இருக்கிறது. நாங்கள் அதை ஏ.எச்.யு. என்போம். வீட்டுச் சுவரில் மாட்டும் ஏர்கானுக்கு அது பெரியண்ணன். மண்டபத்துக் காற்றை இழுத்து, வெளியிலிருந்து கொஞ்சம் புதுக்காற்றையும் சேர்த்து, வடிகட்டியில் தூசு நீக்கி, ஏறத்தாழ 7 பாகை குளிர்ந்த நீர் ஓடும் செப்புக் குழாய்களின் ஊடே செலுத்தி, பெரிய விசிறியால் மறுபடியும் உங்களிடமே அனுப்புகிறது. இங்கே அமர்ந்திருக்கும் நாம் எல்லாரும் அந்தப் பெட்டி வழியாகத்தான் மூச்சு விடுகிறோம்.

ஏர்கான் என்றால் குளிர் மட்டும்தான் என்று பலர் எண்ணுகிறார்கள். 1902ஆம் ஆண்டு அமெரிக்காவில், புருக்ளினில் இருந்த ஓர் அச்சகத்தில் காற்றின் ஈரத்தால் காகிதம் விரிந்து சுருங்கி, வண்ணங்கள் சரியாகப் பதியவில்லை. அதற்கு வழி கண்டவர் வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர். ஆக, நவீன ஏர்கான் பிறந்ததே ஈரத்தை அடக்குவதற்காகத்தான். நம் மலேசியத் தட்பவெப்பத்தில் அதுவே அதற்குப் பெரிய வேலை. 500 பேர் கூடும் ஒரு திருமணத்தில், ஆளுக்கு வினாடிக்கு 5 லிட்டர் புதுக்காற்று என்று கணக்கிட்டால், அந்தப் பெட்டி காற்றிலிருந்து பிழிந்தெடுக்கும் தண்ணீர் மணிக்கு 100 லிட்டருக்கும் மேல்! அத்தனையும் குழாய்களுக்கு அடியிலுள்ள தட்டில் விழுந்து, ஒரு சிறு குழாய் வழியே வெளியேற வேண்டும்.

அந்தச் சிறு குழாயைப் பற்றி ஒரு செய்தி சொல்கிறேன். வேறோர் ஊரில் ஒரு மண்டபம், பெயர் வேண்டாம். மேடைக்கு மேலே தண்ணீர் சொட்டியது. கூரை ஒழுகுகிறது என்று முடிவு செய்து, கூரையை மாற்ற நன்கொடை திரட்டத் தொடங்கிவிட்டார்கள். மழை இல்லாத நாளிலும் சொட்டுகிறதே என்று ஒருவர் கேட்ட பிறகுதான் எங்களைக் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால், தண்ணீர்த் தட்டில் பாசியும் வழுவழுப்பான அழுக்கும் சேர்ந்து குழாயை அடைத்திருந்தன. சுத்தம் செய்ய ஒரு காலைப் பொழுது போதுமானதாயிற்று. மாதந்தோறும் அந்தத் தட்டைக் கழுவி, குழாயில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்திருந்தால் அந்தச் செலவுப் பேச்சே எழுந்திருக்காது.

அந்தக் குழாயில் வளைவு ஒன்று இருக்கும். அதில் எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும். விசிறி உள்ளே காற்றை உறிஞ்சுவதால், வளைவு வறண்டுவிட்டால் குழாய் வழியே காற்று உள்ளே பாயும். தட்டுத் தண்ணீர் வெளியேற முடியாமல் தேங்கி வழியும். 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியதும் மண்டபங்கள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. ஓடாத இயந்திரத்தில் இந்த வளைவுதான் முதலில் வறண்டுபோகும். அதனால், இயந்திரம் ஓடாவிட்டாலும் பராமரிப்பு ஓட வேண்டும்.

அடுத்தது வடிகட்டி. நம் மண்டபத்தில் ஓமம் வளர்க்கிறோம், கற்பூரம் ஏற்றுகிறோம், சாம்பிராணி போடுகிறோம். அந்தக் கரியும் எண்ணெய்ப் பிசுக்கும் வடிகட்டியில் வந்து படிகின்றன. வடிகட்டி அடைத்தால் காற்று குறையும், மண்டபம் குளிராது. யாராவது ஒருவர் வெப்பநிலையை 16க்குக் குறைப்பார். அதனால் காற்று கூடப்போவதில்லை. குளிர்நீர் இயந்திரம் நெடுநேரம் ஓடி, மின்கட்டணம்தான் கூடும். எனவே மாதம் பார்த்து மட்டுமல்ல, திருமண மாதங்களின் கூட்டம் பார்த்தும் வடிகட்டியைக் கவனிக்க வேண்டும். முன்னால் இருக்கும் வலையைக் கழுவலாம். நன்றாகக் காய்ந்த பிறகே மாட்ட வேண்டும். அதற்குப் பின்னாலுள்ள பை வடிகட்டியைக் கழுவக் கூடாது. புதிதுதான் போட வேண்டும். அதற்குப் பணம் வேண்டும்.

குளிர்நீர் ஓடும் காயிலை ஆண்டுக்கு ஒரு முறையாவது மருந்திட்டுக் கழுவ வேண்டும். அதன் தகடுகள் காகிதம்போல் மெல்லியவை. தண்ணீரை வேகமாக அடித்தால் மடங்கிவிடும். விசிறியின் பெல்ட்டுகள் ஒன்று தேய்ந்தாலும் எல்லாவற்றையும் ஒன்றாகவே மாற்ற வேண்டும். இல்லையேல் புதியதே எல்லாப் பாரத்தையும் சுமந்து விரைவில் கெட்டுவிடும். பேரிங்குக்குக் கிரீஸ் குறைந்தாலும் கேடு, மிகுந்தாலும் கேடு. சுவிட்சை அணைத்த பிறகும் அந்த விசிறி சிறிது நேரம் சுழன்றுகொண்டிருக்கும். அதனால் மெயின் சுவிட்சைப் பூட்டி, அறிவிப்பு அட்டை மாட்டிய பிறகே கதவைத் திறக்க வேண்டும். உள்ளே கைவிடுபவரும் ஒரு தாய் பெற்ற பிள்ளை அல்லவா? "சீக்கிரம் முடியுங்கள், பெண் வீட்டார் வந்துவிட்டார்கள்" என்று அவரை அவசரப்படுத்தாதீர்கள்.

இனி, சற்றுக் கசப்பான செய்தி. இயந்திர அறை பூட்டியிருப்பதால் அது சாமான் அறையாகிவிடுகிறது. பழைய நாற்காலி, அட்டைப்பெட்டி, பெயின்ட் டின், வாடிய மாலை எல்லாம் அங்கே போய்ச் சேருகின்றன. பல கட்டடங்களில், நம் கட்டடத்திலும்தான், மண்டபத்துக் காற்று அந்த அறை வழியாகத்தான் இயந்திரத்துக்குத் திரும்பிப் போகிறது. அந்த அறையில் வைக்கும் பொருளின் தூசியையும் வாடையையும் நம் குழந்தைகளும் முதியவர்களும் சுவாசிக்கிறார்கள். தயவுசெய்து அந்த அறையில் ஒரு துடைப்பத்தைக்கூட வைக்க வேண்டாம்.

அதேபோல், மின்சாரத்தை மிச்சப்படுத்துகிறோம் என்று புதுக்காற்று வரும் வழியைச் சிலர் அடைத்துவிடுகிறார்கள். நம் நாட்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரத் துறை 2010ஆம் ஆண்டு பணியிடங்களுக்கு வெளியிட்ட காற்றுத்தர வழிகாட்டி, வெப்பநிலை 23 முதல் 26 பாகை வரை இருக்கலாம் என்றும், கரியமில வாயு பத்து லட்சத்தில் 1,000 பங்கைத் தாண்டக் கூடாது என்றும் கூறுகிறது. நமக்கும் அது நல்ல அளவுகோல்தான். புதுக்காற்று இல்லாத மண்டபத்தில் தலை கனக்கும், கண் சொக்கும். சபையில் தூக்கம் வந்தால் பேச்சாளரை மட்டும் குறை சொல்லாதீர்கள்!

நன்கொடையாளப் பெருமக்களே, புது ஏர்கான் வாங்க வேண்டும் என்றால் ஒரே மாலையில் பணம் சேர்ந்துவிடுகிறது. கல்வெட்டில் பெயரும் பொறிக்கிறோம். ஆனால் வடிகட்டிக்கும் பெல்ட்டுக்கும் கிரீஸுக்கும் கொடுப்பவர் இல்லை. நம் முன்னோர் இந்த விஷயத்தில் நம்மைவிடத் தெளிவாக இருந்தார்கள். சோழர் காலக் கல்வெட்டுகளைப் பாருங்கள். நந்தா விளக்கு வைத்தவர் விளக்கை மட்டும் கொடுத்துவிட்டுப் போகவில்லை. ஒரு விளக்குக்குப் பெரும்பாலும் 96 ஆடுகளை விட்டு, நாள்தோறும் ஓர் உழக்கு நெய்க்கும் ஏற்பாடு செய்தார். மந்தை என்றும் குறையக் கூடாது என்பதால் 'சாவா மூவாப் பேராடு' என்றே அதற்குப் பெயர். விளக்குக்குக் கொடுத்தவர் நெய்க்கும் கொடுத்தார்.

ஆகவே மூன்று வேண்டுகோள்களை உங்கள் முன் வைக்கிறேன். முதலாவது, எந்த இயந்திரத்துக்கு நன்கொடை கொடுத்தாலும் அதன் பராமரிப்புக்கென்று ஒரு பங்கைத் தனி நிதியாக ஒதுக்கச் சொல்லுங்கள். இரண்டாவது, விலை குறைவு என்பதற்காக மட்டும் பராமரிப்புக் குத்தகையைக் கொடுக்காதீர்கள். வடிகட்டியின் இரு பக்கக் காற்றழுத்த வேறுபாடு, மோட்டார் இழுக்கும் மின்னளவு, குளிர்நீர் உள்ளே வரும், வெளியே போகும் வெப்பநிலை ஆகியவற்றை ஒவ்வொரு முறையும் ஒரு புத்தகத்தில் எழுதிக் கையொப்பமிடச் செய்யுங்கள். வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனவர் யார், வேலை செய்தவர் யார் என்பதை அந்தப் புத்தகம் சொல்லிவிடும். மூன்றாவது, ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வரவு செலவுக் கணக்கோடு அந்தப் புத்தகத்தையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். கேட்பது நன்கொடையாளரின் உரிமை. அறங்காவலர்களுக்கும் அது துணையாக இருக்கும்.

அடுத்த மாதம் இயந்திரத்தைத் திறந்து கழுவப் போகிறோம். ஆர்வமுள்ள இளைஞர்கள் வந்து பார்க்கலாம். இது நல்ல கைத்தொழில். கற்றுக்கொண்டால் வாழ்க்கைக்கு உதவும்.