ஆபகூக் எழுப்பிய கேள்வி



எபிரேய வேதத்தில் சிறு தீர்க்கதரிசிகள் என வழங்கப்படுவோர் பன்னிருவர். அவர்களுள் ஒருவரான ஆபகூக்கின் நூல் 3 அதிகாரங்களும் 56 வசனங்களுமே உடையது. ஒரு நாழிகைக்குள் படித்து முடித்துவிடலாம். அது எழுப்பும் கேள்வியோ மனித குலத்தை இன்றும் விட்டபாடில்லை.

ஏனைய தீர்க்கதரிசிகள் பெரும்பாலும் இறைவன் சார்பில் மக்களிடம் பேசினார்கள். ஆபகூக்கோ மக்கள் சார்பில் இறைவனிடம் வழக்குரைக்கிறார். கொடுமை கண்முன்னே நடக்கிறது, சட்டம் சோர்ந்து கிடக்கிறது, நீதி கோணலாகிவிட்டது, முறையிட்டும் பயனில்லையே, ஏன்? இதுவே அவருடைய முதற் கேள்வி.

இது அந்நியரைப் பற்றிய முறைப்பாடன்று என்பதை நாம் கவனித்தல் வேண்டும். யூதா நாட்டு மன்னன் யோசியா கி.மு. 609இல் மெகிதோவில் மாண்டான். பின்னர் அரசாண்ட அவன் மகன் யோயாக்கீம், கூலி கொடாது வேலை வாங்கி மாளிகை கட்டினான் என்று எரேமியா தீர்க்கதரிசி கடிந்துரைக்கிறார். ஆபகூக்கின் நூல் அக்காலத்தை ஒட்டியது என்பதே அறிஞர் பலரின் கருத்து. ஆகவே, அவர் முதலில் குற்றங் கண்டது தம் சொந்த வீட்டிலேயே.

இறைவன் அளித்த விடை ஆறுதலாக இருக்கவில்லை. யூதாவைத் தண்டிக்கக் கல்தேயர் வருவர் என்பதே அவ்விடை. கி.மு. 605இல் கர்கேமிஸ் போரில் எகிப்தை முறியடித்த பாபிலோனியரே அந்தக் கல்தேயர். உடனே இரண்டாவது கேள்வி பிறக்கிறது. தீயவனைத் தண்டிக்க அவனிலும் கொடியவனை அனுப்புவது நீதியாகுமா? கல்தேயன் மக்களை மீன்களைப்போல் வாரி எடுக்கிறான். பின்னர் தன் வலைக்கே பலியிட்டு வணங்குகிறான் என்கிறார் ஆபகூக். தன் பலத்தையே தெய்வமாக்கிக்கொண்ட ஆட்சிக்கு இதனினும் பொருத்தமான உவமை வேண்டுமா?

கேட்டவர் வெறுத்து எழுந்து போய்விடவில்லை. காவற்கோபுரத்தில் ஏறி நின்று மறுமொழிக்காகக் காத்திருந்தார். வந்த மறுமொழி, யாவரும் எளிதில் படிக்கும்படி பலகைகளில் எழுதப்பட வேண்டும் என்ற கட்டளையோடு வந்தது. அகந்தையுள்ளவன் நிலைக்கமாட்டான், நீதிமானோ தன் விசுவாசத்தினால் வாழ்வான் என்பதே அதன் சாரம். பவுல் அப்போஸ்தலர் உரோமருக்கும் கலாத்தியருக்கும் எழுதிய நிருபங்களில் இதனையே எடுத்தாண்டார்.

இங்கே விசுவாசம் என்பதற்கு எபிரேயத்திலுள்ள சொல் ‘எமூனா’. அமலேக்கியருடன் நடந்த போரில் சூரியன் மறையுமளவும் மோசேயின் கைகள் தளராது நின்றதைக் கூறுமிடத்தும் அச்சொல்லே வருகிறது. ஆகவே விசுவாசம் வெறும் எண்ணமன்று. தளராது நிற்கும் உறுதி. கேள்வி கேட்பதே அவநம்பிக்கை என்றும், வாய்மூடிக் கிடப்பதே பக்தி என்றும் போதிப்போர் இந்நூலைத் திறந்து பார்ப்பார்களாக!

அதன்பின் ஐந்து சாபக் கூற்றுகள் தொடர்கின்றன. பிறர் பொருளைக் குவிப்பவன், அநியாய ஆதாயத்தால் வீடு கட்டுபவன், இரத்தத்தால் நகரம் எழுப்புபவன், அயலானை வெறியேற்றி அவமானப்படுத்துபவன், ஊமை விக்கிரகத்தை நம்புபவன் ஆகியோர்க்கு ஐயோ என்கிறார். அநியாயமாய்க் கட்டிய வீட்டில் சுவரின் கல்லே சாட்சி சொல்லுமாம். லெபனோன் காட்டுக்கும் விலங்குகளுக்கும் இழைத்த கொடுமைகூட அக்கணக்கில் சேர்கிறது.

பாபிலோன் வீழ்ந்தது மெய்யே. ஆனால் அது கி.மு. 539இல், பாரசீக மன்னன் கோரேசின் கையில். கர்கேமிஸ் போருக்குப்பின் 66 ஆண்டுகள் சென்றன. இடையில் எருசலேமும் அதன் ஆலயமும் எரிந்தன. முறையிட்டோரிற் பலர் அந்நாளைக் காணாமலே மறைந்திருப்பர். காத்திருத்தல் எளிதென்று ஆபகூக் எங்கும் கூறவில்லை.

ஈற்றதிகாரம் ஒரு பாட்டு. உழவர் பெருமக்களே, அதன் முடிவு உங்களுக்கு நன்கு விளங்கும். அத்தியும் திராட்சையும் ஒலிவமும் பொய்க்கலாம். வயல் விளையாது போகலாம். ஆட்டுக்கிடையும் மாட்டுத்தொழுவமும் வெறுமையாகலாம். ஆயினும் தாம் இறைவனில் மகிழ்வதாக அவர் பாடுகிறார். அடுத்த போகம் விளையும் என்ற உறுதி அங்கில்லை. கேட்ட கேள்விகளை அவர் மீளப் பெறவும் இல்லை. அப்பாட்டை நரம்புக் கருவிகளுடன் இசைக்குமாறு குறிப்பும் எழுதி வைத்தார். தனியொருவரின் முறைப்பாடாகத் தொடங்கியது ஊர் கூடிப் பாடும் பாட்டாக முடிகிறது.

கேட்க வேண்டியதைக் கேளுங்கள். முதலில் உங்கள் வீட்டைப் பற்றிக் கேளுங்கள். விடை தாமதித்தாலும் நின்ற இடத்தினின்று அசையாதிருங்கள். ஆபகூக் நமக்கு விட்டுச்சென்ற பாடம் இதுவே.