பொம்மைக்குப் பாடியவர்

நடுவர் அவர்களே! "முகம் தெரிஞ்சாத்தான் கலைஞன்" என்று எதிரணித் தங்கச்சி முழங்கிவிட்டுப் போனார்.

நான் விருதுநகர்க்காரன். சென்னைக்கு 1975-லேயே தூர்தர்ஷன் வந்துவிட்டது. எங்களுக்குக் கொடைக்கானல் கோபுரம் வந்தப்புறம்தான். தெருவுக்கே ஒரு டி.வி. ஞாயிற்றுக்கிழமை படம்னா அந்த வீட்டு நடையில செருப்பு விட இடம் இருக்காது. ஒருநாள் பாலசந்தரின் 'அவர்கள்' போட்டான். 1977-இல் வந்த படம். கமல்ஹாசன் கையில ஜூனியர்னு ஒரு பொம்மை. அது பாடுது! எங்க அப்பத்தா, "ஏலே, பொம்மைக்குள்ள எந்தப் பிள்ளையை அடைச்சு வச்சிருக்கான்?"னு கேட்டுச்சு. (சிரிப்பு)

மெல்லிசை மன்னர் விஸ்வநாதன் இசை. கமலுக்குப் பாடியவர் எஸ்.பி.பி. அது ஊருக்கே தெரியும். பொம்மைக்குப் பாடியவர்? சதன். பலகுரல் கலைஞர். தெரிஞ்சவங்க கை தூக்குங்க பார்ப்போம்... நாலு கை. அதுல ரெண்டு கை மைக் செட்காரருடையது! (கைதட்டல்)

சிவகாசிப் பட்டாசுப் பெட்டி மேல நடிகை படம் சிரிக்கும். திரி வச்ச பொண்ணு படம் இருக்குமா? வெடிக்கிறது படமா, மருந்தாய்யா?

எங்க அம்மா தீப்பெட்டிக்குக் கட்டை அடுக்குனவங்க. எந்த லேபிள்லயும் அவங்க பேர் கிடையாது. அந்தக் கூலியிலதான் நான் படிச்சு டாக்டர் பட்டம் வாங்கினேன். அவங்களைத் தொழிலாளி இல்லைன்னு சொல்லுவீங்களா தங்கச்சி?

மணி அடிச்சிட்டீங்க, உட்கார்ந்திடறேன். வீட்டுக்குப் போனதும் அந்தப் பாட்டைப் போட்டு, கண்ணை மூடிக்கிட்டுக் கேளுங்க.